நான்கு பவுன் சங்கிலியும் ஒரு சூப்பர் ஹீரோவும்

பெற்ற மகளின் கையைத் தன் கையாலேயே கருக்கிவிட்ட ஒரு லைன்மேன், அதற்கு ஈடுகட்ட ஊரையெல்லாம் காப்பாற்றிக்கொண்டு திரிகிறான். நான் எழுதிய ‘சுடர்க்கை’ காமிக்ஸின் கதை இவ்வளவுதான். இதைப் புத்தகமாகக் கொண்டுவர எனக்கு ஏறக்குறைய மூன்று வருடங்களும் 2,59,000 ரூபாயும் ஆயின. அந்தப் பணத்தில் 1,20,000 ரூபாய், என் மனைவியின் சங்கிலியை அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்து எடுத்தது. சொந்தச் செலவில் தமிழில் காமிக்ஸ் போட நினைக்கிறவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். நான் இறங்கியபோது எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். எழுத்தாளனோ ஓவியனோ இல்லை. பள்ளியில் படிக்கும்போது டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய புத்தகக் கடைகளில் முத்து காமிக்ஸ் தேடித் தேடி வாங்கியவன், அவ்வளவுதான். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பெல்லாம் மறைந்து, அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பல வருடங்கள் கழித்துத்தான் அவனுடைய மூலக்கதையைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்டேன். 1962-இல் இங்கிலாந்தில் ‘வேலியன்ட்’ இதழில் அவன் அறிமுகமானபோது நல்லவனே இல்லை. சோதனைக்கூட விபத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டேல், கிடைத்த சக்தியை முதலில் திருட்டுக்கும் நாசத்துக்கும்தான் பயன்படுத்துகிறான். நல்லவனாவதெல்லாம் பிறகு. சின்ன வயதில் நான் கொண்டாடியவன் ஒரு காலத்தில் கெட்டவனாக இருந்து திரும்பியவன் என்பது என்னை விடாமல் அரித்தது. கெட்டவன் திருந்துவது சரி. அவன் கெடுதல் செய்தது சொந்த வீட்டுக்கு என்றால், எங்கே போய்த் திரும்புவது?

2021 ஊரடங்கில் கடை அரை நாள்தான். அப்போதுதான் எழுதத் தொடங்கினேன். மழை இரவில் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன். லைனை அணைத்துவிட்டுத்தான் ஏறுகிறான். ஆனால் யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரும் மின்சாரம் அவனைப் பிடிக்கிறது. உண்மையில் இப்படித்தான் பல லைன்மேன்கள் சாகிறார்கள். இவன் சாகவில்லை. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி வீட்டுக்கு வருகிறான். தூங்கும் ஏழு வயது மகளைத் தூக்கிப் பாயில் சரியாகப் படுக்க வைக்கக் கையை நீட்டுகிறான். உடம்பில் தங்கியிருந்த மின்சாரம் அந்தக் கை வழியாக இறங்குகிறது. எட்டாவது பக்கத்தில் இது முடிந்துவிடும். மீதி 40 பக்கங்களும் சாகசம். கிரேக்கக் கதையில் ஹெர்குலிஸ் பித்துப் பிடித்துத் தன் மனைவி மக்களைக் கொன்றுவிட்டு, டெல்ஃபி குறிசொல்லியின் வாக்குப்படி யூரிஸ்தியஸ் என்ற அரசனிடம் அடிமை போல் பன்னிரண்டு வேலைகளைச் செய்து முடிக்கிறானே, அதை மனதில் வைத்துக்கொண்டு என் ஆளுக்கு ஐந்து வேலைகள் வைத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் தீ, வைகை வெள்ளம், மின்சாரம் நின்றுபோன ஆஸ்பத்திரி என்று வரிசையாகப் போகும். 46-ஆம் பக்கத்தில் மகள் ஓடி வந்து “அப்பா” என்று கட்டிக்கொள்வாள். எழுதி முடித்த இரவில் நானே அழுதேன். அந்த அழுகைதான் என்னை மூன்று வருடம் ஓட வைத்தது.

ஓவியர் கிடைப்பதற்கே எட்டு மாதம் ஆனது. கிடைத்தவர் நல்ல கைகாரர், இளைஞர். பென்சில், மை, வண்ணம் எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு 2,500 ரூபாய். 48 பக்கத்துக்கு 1,20,000, அட்டைக்குத் தனியாக 8,000. ஆறு மாதத்தில் முடிக்கிறேன் என்றார். 2022 மார்ச்சில் தொடங்கியது 2023 அக்டோபரில் முடிந்தது, 19 மாதம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் வயிற்றுப்பாடு, நடுவில் விளம்பர வேலைகள் வந்தன. தவறு என்னுடையது. பாதிப் பணத்தை முன்பணமாகவே கொடுத்துவிட்டேன், எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எட்டு எட்டுப் பக்கமாகப் பிரித்து, பென்சில் நிலையில் ஒரு பங்கு, மை போட்டதும் ஒரு பங்கு, வண்ணம் முடிந்து பெரிய அளவுக் கோப்பு கைக்கு வந்ததும் மீதி என்று கொடுங்கள். பென்சில் நிலையில் எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், மை போட்ட பிறகு கேட்டால் எவ்வளவு கூடுதல் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் 31-ஆம் பக்கத்தை மை போட்ட பிறகு மாற்றச் சொல்லி, அவருக்கும் எனக்கும் இரண்டு மாதம் பேச்சே இல்லாமல் போனது.

உரிமை விஷயத்திலும் நான் விவரம் தெரியாமல் இருந்தேன். பணம் கொடுத்துவிட்டால் படம் நமக்கு என்று நினைத்திருந்தேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நாளைக்கு மலேசியாவிலோ கனடாவிலோ யாராவது போடக் கேட்டால் அப்போது ஓவியரைத் தேடி ஓட வேண்டும். நல்லவேளையாக அவர் நல்ல மனிதர், பின்னால் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டோம். அசல் தாள்கள் அவருக்கே சொந்தம் என்பதையும் அதில் சேர்த்தோம், அதுதான் நியாயம். இன்னொன்று, கை, மின்சாரம் இரண்டும் மாயாவியை நினைவூட்டுகின்றனவே, வழக்கு வருமோ என்று பல இரவு தூங்காமல் கிடந்தேன். வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நிம்மதி.

அடுத்த அடி, வசனம் எழுதும் பலூன்களில் விழுந்தது. நான் வசனத்தைக் கொடுப்பதற்கு முன்பே ஓவியர் பலூன் வரைந்துவிட்டார். அவர் பார்த்துப் பழகியதெல்லாம் ஆங்கிலக் காமிக்ஸ். “கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்” என்ற ஒற்றைச் சொல் ஒரு பலூனின் அகலத்தையே தின்றுவிடும். நடுவில் உடைத்தால் படிக்கிறவர் தடுமாறுவார், சின்னதாக்கினால் கண்ணுக்குத் தெரியாது. 48 பக்கங்களில் 30-க்கு மேல் பலூனைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. சில இடங்களில் நல்ல படத்தின் மேலேயே பலூன் போய் உட்கார்ந்தது. வசனத்தை முதலில் இறுதி செய்து, உண்மையான எழுத்துருவில், உண்மையான அளவில் அடித்து, அந்தத் துண்டை ஓவியரிடம் கொடுங்கள். அதைச் சுற்றிப் பலூனை வரையட்டும். வசனத்தையும் குறையுங்கள். ஒரு கட்டத்துக்கு 20 சொல்லைத் தாண்டினால் தமிழில் அது கட்டுரையாகிவிடுகிறது.

எழுத்துப் பதிப்புக்கு, அதாவது பலூனுக்குள் வசனத்தைக் கணினியில் பதிப்பதற்கு, முதலில் ஒருவருக்கு 7,200 கொடுத்தேன், அது முழுக்க வீண். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். அவர் அதைக் கவனிக்காமலே அனுப்பினார். கணினித் திரையில் சின்னதாகப் பார்த்த எனக்கும் தெரியவில்லை. அச்சுக்குப் போகும் நாளில் “வேலு” என்ற பெயர் உடைந்து கிடந்ததைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இரண்டாவது ஆளுக்கு 9,600. ஒவ்வொரு பக்கத்தையும் தாளில் எடுத்து, கதையே தெரியாத ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நான் அடுத்த வீட்டுக் கல்லூரிப் பையனைப் படிக்க வைத்தேன். அவன் 14 பிழை பிடித்தான்.

அச்சகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றா இரண்டா. என் கதை முக்கால்வாசி இரவில் நடக்கிறது. அவன் கையிலிருந்து வரும் அந்த நீல ஒளிதான் புத்தகத்தின் உயிர். திரையில் அது கண்ணைக் கூசும். அச்சில் நான்கு மைகளில் அந்த நீலம் வரவே வராது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரை ஒளியால் காட்டும் நிறங்களில் சில மைக்கு எட்டாதவை. என் மின்னல் சாம்பல் பூத்த நீலமாக வந்து விழுந்தது. சுற்றியிருக்கும் இருட்டில் கறுப்பும் நீலமும் கலந்து சேறாகிவிட்டது. வண்ணம் போடத் தொடங்கும்போதே அச்சுக்கான நான்கு நிற முறையில் போடச் சொல்லுங்கள், ஒளி வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை விட்டுவிடச் சொல்லுங்கள். எழுத்து வெறும் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்தைப் போட்டால், அச்சுத் தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு தெரியும். எனக்கு ஒரு பாரம், அதாவது ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் 16 பக்கம், முழுக்க அப்படி வந்து, திரும்ப அடித்தார்கள். சண்டை போட்டும் 19,000 ரூபாய் என் தலையில் விழுந்தது. ஆயிரம் பிரதிக்கு அச்சுக்கூலி 84,000. மாதிரித் தாளைத் திரையில் பார்த்துச் சரி சொல்லாமல், அந்த இயந்திரத்தில், அந்தத் தாளில் ஓட்டிய ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும் என்பதையும் கதை எழுதும்போதே நினைவில் வையுங்கள்.

இனி, சொல்ல நா எழாத பகுதிக்கு வருகிறேன். என் சேமிப்பு 1,40,000 ரூபாய். 2023 அக்டோபரில் அது தீர்ந்தது. ஓவியருக்கு மீதி, அச்சகத்துக்கு முன்பணம் என்று கழுத்தை நெரித்தது. பீரோவில் மனைவியின் நான்கு பவுன் சங்கிலி இருந்தது, அவள் அம்மா போட்டது. நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான் எடுப்பாள். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்துப்போய் வங்கியில் வைத்தேன். கையெழுத்துப் போட்டு 20 நிமிடத்தில் பணம் வந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவே இல்லை, அதுதான் விஷயம். ஜனவரியில் புத்தகக் காட்சி, எல்லாம் விற்றுவிடும், சங்கிலியை மீட்டுப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம், அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொந்தக் காசில் ஏதாவது செய்யப் போகிற எல்லோரும் இந்த வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொள்வார்கள் என்று இப்போது நினைக்கிறேன். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு ரூபாய் எடுக்க வேண்டிய கட்டம் வந்தால், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஆறு மாதம் தாமதமாக வந்தால் புத்தகம் ஒன்றும் கெட்டுப்போகாது.

2024 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்கு, நானே கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனேன். தனிக்கடை எடுக்க வழியில்லை. தெரிந்த ஒரு பதிப்பாளரின் கடையில் ஒரு அடுக்கில் இடம் கேட்டு வாங்கினேன். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு 11,200 ரூபாய். புத்தகத்தின் விலை 180. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, “தமிழ்ல சூப்பர் ஹீரோவா?” என்று சிரித்துவிட்டு வைத்தவர்கள் பலர். ஒரு அம்மா தன் மகனுக்கு வாங்கிக்கொடுத்து, அவன் அங்கேயே நின்று முழுக்கப் படித்து முடித்தான். அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல் வருடத்தில் விற்றது மொத்தம் 311. நேரடியாக 140 பிரதி, கழிவு போக 150 ரூபாய் வீதம் 21,000. கடைகள் வழியாக 171 பிரதி, 40 சதவீதம் அவர்கள் கழிவு போக 18,468. அதுவும் விற்ற பிறகுதான் கொடுப்பார்கள், சில இடங்களில் ஐந்தாறு மாதம் கழித்து. ஆயிரம் பிரதி அடித்தால் ஒரு பிரதியின் அடக்கம் குறையும் என்ற கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும், நான் கணக்கெழுதுகிறவன். அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் 300 அடியுங்கள், அடக்கம் கூடினாலும் பரவாயில்லை. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியதும், வெளியூருக்கு ஒரு பிரதி அனுப்பும் செலவு எங்களைப் போன்ற சின்ன ஆட்களைக் கடித்தது. விலை வைக்கும்போது அதையும் சேர்த்து வையுங்கள்.

2024 மே மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் இரவு மனைவி பீரோவைத் திறந்தாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. “ஏங்க, சங்கிலி எங்க?” என்றாள். திருடு போயிருக்குமோ என்ற பயம்தான் அந்தக் குரலில் இருந்தது, என் மேல் சந்தேகமே இல்லை. என்னைக் கொன்றது அதுதான். சொன்னேன். அவள் கத்தவில்லை. கல்யாணத்துக்கு மஞ்சள் கயிற்றோடு வந்தாள். தங்கைகள் கேட்டதற்குக் “கொக்கி விட்டுப்போச்சு, ஆசாரிகிட்ட குடுத்திருக்கு” என்று சொன்னாள். எனக்காக அவள் பொய் சொன்னாள். ஊருக்குத் திரும்பிய பிறகு 23 நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், அவள் இருக்க மாட்டாள்.

அந்த நாட்களில் நான் செய்ததையெல்லாம் இப்போது நினைத்தால் கூசுகிறது. பூ வாங்கி வந்தேன். பாத்திரம் கழுவினேன். அவளைக் கேட்காமல் 3,800 ரூபாய்க்குப் பட்டுச்சேலை எடுத்தேன், அதுவும் கடன் அட்டையில். காலையில் எழுந்து அவள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டேன். ஒருநாள் அழுதும் விட்டேன். அதற்குத்தான் அவள் வாய் திறந்தாள். “நீங்க அழுதா நான்தான் உங்களைத் தேத்தணும். இப்ப அதுக்கும் நான்தானா?” என்றாள். நான் செய்ததெல்லாம் என் நெஞ்சிலிருந்த பாரத்தை இறக்குவதற்காக. அவளுக்கு ஆனதை யாரும் தொடவே இல்லை.

அன்று இரவு அவள் ‘சுடர்க்கை’யை எடுத்துப் படித்தாள். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவளுக்கு ஒரு பக்கம்கூடக் காட்டியதில்லை. அவள் காமிக்ஸ் படிக்கிறவள் இல்லை, என்ன சொல்லப்போகிறாள் என்று விட்டிருந்தேன். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “இந்தப் பொண்ணு கைக்கு யாரு மருந்து போட்டது? எட்டாம் பக்கத்துல சுடுது, 46-ஆம் பக்கத்துல ஓடி வந்து கட்டிக்குது. நடுவுல அவ எங்க இருந்தா?” நான் பதில் சொல்லவில்லை. “அவ எதுக்கு மன்னிக்கணும்? கதை முடியணும்னா?” காமிக்ஸ் வாசகர்கள் ஒன்பது பேரிடம் கருத்துக் கேட்டிருந்தேன். ஒருவரும் இதைக் கேட்கவில்லை, எல்லோரும் சாகசங்களைப் பற்றித்தான் பேசினார்கள். உங்கள் கதையில் அடிபட்டவர் யாரோ, அவர் பக்கம் நின்று படிக்கக்கூடிய ஒருவரிடம் கைப்பிரதியிலேயே கொடுங்கள். அச்சான பிறகு கொடுத்தால் என் நிலைமைதான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னாள், மறைக்காமல். ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன். வங்கிக் கடன், வட்டி, கடன் அட்டை, நண்பரிடம் கைமாற்றாக வாங்கிய 6,000, வரவேண்டிய கடைப் பாக்கி, கட்டிலுக்கடியில் கிடக்கும் மிச்சப் பிரதிகள். இலவசமாகக் கொடுத்த 40-ஐயும் எழுதினேன். எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. தினம் கடைக்காக எழுதுகிற அதே கைதான், ஆனால் நடுங்கியது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அந்த நோட்டை அவள் முன்னால் வைக்க வேண்டும். சாயங்காலங்களில் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுக்கும் வேலை பிடித்தேன். மாதம் ஆறாயிரம் வந்தது. டீ, பெட்ரோல், புத்தகச் செலவு எல்லாவற்றையும் குறைத்தேன். நவம்பரில் வருடம் முடிந்ததும் வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பித்தோம், அவளும் வங்கிக்கு வந்தாள். நகைக் கடனில் தவணை தாண்டினால் நோட்டீஸ், அப்புறம் ஏலம். அந்தத் தேதியை வீட்டில் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி நாட்காட்டியில் எழுதி வையுங்கள். 2025 ஏப்ரலில் சங்கிலியை மீட்டோம். முன்பு கட்டிய வட்டியையும் சேர்த்து மொத்தம் 1,35,000 சொச்சம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் தங்கம் விலை ஏறிய ஏற்றத்துக்கு, அது ஏலத்தில் போயிருந்தால் அதே எடையில் இன்னொன்று வாங்க என்னால் முடிந்திருக்காது. அவள் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

கதையை மறுபடி எழுத உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். ஹெர்குலிஸ் கதையைத் தேடிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் யூரிப்பிடீஸ் என்ற கிரேக்கர் எழுதிய நாடகத்தில் வரிசை தலைகீழ். அங்கே சாகசங்களெல்லாம் முடிந்து, ஊர் போற்ற வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அவன் மனைவி மக்களைக் கொல்கிறான். இனி செய்வதற்குச் சாகசம் எதுவும் மிச்சமில்லை. நண்பன் தீசியஸ் வந்து, அருவருக்காமல் கையைப் பிடித்து எழுப்புகிறான், அவ்வளவுதான். இதைப் படித்தபோது என் ஐந்து சாகசங்களும் உதிர்ந்து போயின. நம் பொற்கைப் பாண்டியனும் நினைவுக்கு வந்தான். இரவுக்காவலில், வெளியூர் போயிருந்த கீரந்தை என்பவனின் வீட்டில், அவன் மனைவி தனியாக இருப்பதாக நினைத்த இடத்தில் ஆண் குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருந்தது ஊரிலிருந்து திரும்பிய கணவன்தான். அந்தப் பெண்ணின் மேல் பழி விழக்கூடாது என்று தெருவிலிருந்த எல்லா வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுப் போகிறான். மறுநாள் தட்டிய கையை வெட்டிக்கொள்கிறான். சின்ன வயதில் கை வெட்டுவதுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது அவன் மற்றக் கதவுகளைத் தட்டியது. தன் மனம் ஆறுவதை விட்டுவிட்டு அவளுக்கு என்ன ஆகும் என்றுதான் அவன் முதலில் யோசித்திருக்கிறான்.

ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய் மகளின் கையைப் பற்றிக் கேட்டேன். மின்தாக்கத் தீக்காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே தசையும் நரம்பும் ஆழமாகப் போயிருக்கும் என்றார். ஆறும்போது தோல் இறுகி விரல்கள் உள்பக்கம் மடங்கிக்கொள்ளும். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். மடங்காமல் இருக்க இரவெல்லாம் தாங்கு கட்டை கட்டித் தூங்க வேண்டும். தினமும் ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கிப் பழக்க வேண்டும், குழந்தைகள் வலியில் கத்துவார்கள், பெற்றவர்கள் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவார்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு என் ஹீரோ எங்கே போனான் என்று தெரிந்தது. அவன் ஊரைக் காப்பாற்றப் போகவே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் ஓடினான்.

மிச்சமிருக்கும் பிரதிகளில் செருகிக் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஓர் இணைப்பு எழுதினேன், கறுப்பு வெள்ளையில். அதே ஓவியர்தான், பக்கத்துக்கு 1,800 ரூபாய், இந்த முறை ஒப்பந்தத்தோடு. எழுதியதை முதலில் மனைவியிடம் கொடுத்தேன். அதில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். மகள் இடது கையால் எழுதப் பழகுகிறாள், தாள் நழுவிக்கொண்டே போகிறது. பிடிக்கச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறாள். மனைவி இரண்டு முறை படித்துவிட்டுப் பென்சிலால் ஒரு சொல்லை அடித்தாள். “‘அப்பா, பிடி’ன்னு வேண்டாம். ‘பிடி’ போதும். இப்பவே அவ அப்பான்னு கூப்பிட மாட்டா” என்றாள். அடித்துவிட்டேன். பிறகு அவளே அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்து, அந்த மாதப் பக்கத்தில், “கடைசி எட்டுப் பக்கம் படம் – 14,400” என்று தன் கையெழுத்தில் எழுதி, எத்தனை தவணை என்று என்னைக் கேட்டாள். நான்கு என்றேன். இரண்டு தவணை கொடுத்தாகிவிட்டது. ஆறாவது பக்கம் நேற்று வந்தது. திண்ணையில் நிழல் விழும் பக்கம் தவறாக இருக்கிறது என்று திருத்தச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், இன்னும் பென்சில் நிலையில்தான் இருக்கிறது.